ஆச்சியின் சுண்ணாம்புக் கணக்கு

சுண்ணாம்பு வாசனை வந்தால் உங்களுக்கு வெற்றிலைச் செல்லம் ஞாபகம் வரலாம், கோடை லீவு முடிந்து திறந்த பள்ளிக்கூடத்தின் புது வெள்ளை ஞாபகம் வரலாம். எனக்கு எங்கள் ஆச்சியின் வலது கை ஆள்காட்டி விரல்தான் ஞாபகத்துக்கு வரும். பதனிக் கலயங்களின் உட்புறம் சுண்ணாம்பு தடவித் தடவி அந்த விரலின் நுனி வெளுத்து, வெடித்து, காய்ந்த பனைமட்டைபோலச் சொரசொரத்துக் கிடக்கும். காய்ச்சல் என்று படுத்தால் அந்த விரல்தான் முதலில் நெற்றிக்கு வரும். வேதப் புத்தகத்தில் நான் வாசிக்கிற வரிக்குக் கீழே, ஓர் எழுத்தும் தெரியாமலேயே, என்னோடு கூடவே நகர்ந்து வருவதும் அந்த விரல்தான். நான் மூச்சுவிட நின்றால் அதுவும் நிற்கும்.

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஊர். மெஞ்ஞானபுரத்திலிருந்து வெயில் தாழக் கிளம்பினால் இருட்டுமுன் நடந்து வந்துவிடலாம். கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல், அதில் நட்டு வைத்த தூண்களாகப் பனைகள், நடுநடுவே கொல்லாமரமும் உடைமரமும். ஆடிக் காற்று அடித்தால், ராத்திரி முற்றத்தில் விட்டுவிட்டுப் போன அம்மி காலையில் பாதி மணலுக்குள் இருக்கும். சோற்றில் மணல், பாயில் மணல், காதுக்குள் மணல், சங்கீதப் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவிலும் பொடிப்பொடியாய்ச் செம்மணல். தாத்தா உயரமான பனையில் ஏறி நின்றால் மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரியுமாம். வேல்ஸ் தேசத்திலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் கட்டி, 1847-இல் பிரதிஷ்டையான கோயில் அது. பின்னால் எழும்பிய கோபுரம் 192 அடி. எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றும் ஆலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்லுவோம். "காலையில மொதப் பனையில ஏறி நின்னு அந்தக் கோபுரத்தப் பாத்து ஒரு ஜெபம் பண்ணிட்டுத்தான் ஒங்க தாத்தா பாளையில அருவா வைப்பாவ" என்று ஆச்சி சொல்லுவாள். தாத்தாவை நான் பார்த்ததில்லை. அவர் போகும்போது அப்பாவுக்கு ஏழு வயது.

அப்பா வாத்தியார் ஆகிவிட்டார். ஆனாலும் சொந்தப் பனை இருபத்திரண்டை ஆச்சி விடவில்லை. ஒரு மாமா வாரத்துக்கு ஏறுவார். மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் எங்கள் வீட்டுக் காலை, கலயங்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தத்தில்தான் விடியும். கோழி கூவுமுன் மாமா இடுப்பில் அருவாள்பெட்டியோடு போய்விடுவார். வெயில் ஏறுமுன் பதனி வந்து சேரவேண்டும். சுண்ணாம்பு பிடித்தால் பதனி, பிடிக்காவிட்டால் கள், இதற்கு நடுவில் சமாதானமே கிடையாது என்பாள் ஆச்சி. பனையோலை வேய்ந்த விடிலிக்குள் அகலச் சட்டி அடுப்பில் ஏறும். ஓலையும் மட்டையும் சடசடவென்று எரிய, பதனி முதலில் நுரைத்துப் பொங்கும். அப்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் பொங்கினது அப்படியே அடங்கும். சட்டி மெல்லச் சிவந்து, தேன் நிறமாகி, இழுத்தால் நூல் விடுகிற கூப்பதனி ஆகும்போது, அந்த வாசனை தெரு முக்குவரை போய் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். ஆளுக்கொரு ஓலைத்துண்டை மடக்கிக்கொண்டு வரிசையில் உட்காருவோம். சிரட்டைகளில் ஊற்றியது போக, சட்டியில் ஒட்டினது எங்களுக்கு.

அந்த வீட்டில் இரண்டு கணக்குகள் இருந்தன. இரண்டும் சுவரில்தான். அடுப்படிச் சுவரில் கரிக்கோடு: உடன்குடி வியாபாரிக்குப் போட்ட கருப்பட்டி, அவரிடம் வாங்கின முன்பணம். கோடு போடுவதும் அழிப்பதுமாக அந்தச் சுவர் எப்போதும் அழுக்காக இருக்கும். இன்னொரு கணக்கு தலைவாசல் கதவுக்குப் பின்னால். கதவு திறந்தே கிடக்கிற பகல் வேளையில் அது யார் கண்ணிலும் படாது. ராத்திரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால் தெரியும்: புகையேறிக் கறுத்த மண்சுவரில், என் நெஞ்சு உயரத்தில் தொடங்கி, சுண்ணாம்பு தொட்டு வைத்த வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு விரல் நுனி அகலம். மூன்று வரிசை, மொத்தம் பதினேழு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தாலும் அந்த ஒரு முழச் சதுரத்தை மட்டும் ஆச்சி தொடவிடமாட்டாள். ரொம்பச் சின்னவளாக இருந்தபோது, அதுவும் சுவருக்குக் குத்தின அம்மைத் தழும்பு என்று நினைத்திருந்தேன். என் கையில் இருந்ததே, அதைப்போல.

இரண்டாம் வரிசையில் ஒரு இடம் வெறுமையாக இருக்கும். ஆறாவது புள்ளிக்கும் ஏழாவது புள்ளிக்கும் நடுவே, ஒரு புள்ளி இருந்திருக்க வேண்டிய இடம். கைதவறி விட்டுப்போனது என்று நானாகத் தீர்மானித்துக்கொண்டேன்.

டிசம்பர் 31 ராத்திரி வந்தால் ஊரே முழித்திருக்கும். பதினொன்றரைக்கு முதல் மணி அடிக்கும். வருஷம் பிறக்கிற நேரத்தில் கோயிலில் முழங்காலில் இருக்கவேண்டும், அதுதான் முறை. புது வருஷத்து வாக்குத்தத்தச் சீட்டு கையில் கிடைக்கும்வரை எனக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் அதற்கு முன்னால், ஒன்பது மணி சுமாருக்கு, ஆச்சி கதவைச் சாத்துவாள். புதுத் துணியின் கஞ்சி மணம், தலையில் வைத்த கனகாம்பரம், அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய் வாசனை, அடுப்படியில் மூடி வைத்த அதிரசம், எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். நாங்கள் பாயில் உட்காருவோம். அப்பாகூடத் தரையில்தான். ஆச்சி விளக்கைத் தூக்கிப் பிடித்து, முதல் புள்ளியில் விரலை வைப்பாள்.

"இது எங்க அத்தை வச்சது. தாது வருசம்."

முதல் புள்ளி ஆச்சியின் மாமியார் வைத்தது. 1876-இல் தொடங்கி 1878 வரை இந்தத் தேசத்தைத் தின்ற பஞ்சத்தில் அந்தப் பூட்டிக்கு ஐந்தோ ஆறோ வயது. அப்பாவும் அம்மாவும் ஒரே மாதத்தில் போய்விட, யாரோ ஒரு உபதேசியார் பிள்ளையைக் கடவத்தில் உட்காரவைத்துத் தலையில் சுமந்துகொண்டு நாசரேத்துக்குப் போயிருக்கிறார். 1876-இல் அங்கே வந்த மர்காஷிஸ் ஐயர், பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகளைச் சேர்த்துக் கஞ்சி ஊற்றி வளர்த்தவர். "அந்தக் கஞ்சிதான் நம்ம எல்லார் ரத்தத்திலயும் ஓடுது" என்பாள் ஆச்சி. என் தம்பி உடனே தன் கையைத் திருப்பி நரம்பைப் பார்ப்பான்.

இரண்டாவது, பேதி ஊருக்குள் வந்த வருஷம். மூன்றாவது, அடைமழையில் பக்கச்சுவர் விழுந்தபோது தொட்டில் இருந்த மூலை மட்டும் நின்றது. இவற்றை ஆச்சி விறுவிறுவென்று சொல்லிவிடுவாள். நாலாவதில் விரல் கொஞ்ச நேரம் தங்கும். அது தாத்தாவின் புள்ளி.

சித்திரையில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்திருக்கிறது. நனைந்த பனை. மூன்றாம் மரத்தில் கால் வழுக்கிவிட்டது. அவ்வளவுதான் சொல்லுவாள். அந்தப் புள்ளி எனக்குப் புரியவே இல்லை. எட்டு வயதில் ஒருநாள் கேட்டேவிட்டேன்: "ஆச்சி, தாத்தா செத்துப்போனதுக்கா ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுதோம்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆச்சிக்குக் கோபம் வரவில்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"விழுந்ததுக்கு நான் புள்ளி வைக்கலட்டி. அடக்கம் முடிஞ்சி மறுநா விடியக்காலம் எந்திரிச்சிப் பாக்கேன், விடிலி வாசல்ல கலயம் கலயமா பதனி இருக்கு. யாரு ஏறுனாவன்னு தெரியல. அடுத்த நாளும் இருக்கு. அதுக்கு வச்சேன்."

பனைப் பாளை ஒரு விசித்திரமான ஜீவன். தினமும் காலையும் மாலையும் ஏறி நுனியைச் சீவிவிட்டால்தான் சுரக்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் காய்ந்துபோகும், அந்த வருஷம் அந்தப் பாளை அவ்வளவுதான். ஊரிலிருந்த பனையேறிகள் ஏழு பேர், தங்களுக்கென்று ஆளுக்கு முப்பது நாற்பது மரம் இருக்கும்போது, முறை வைத்துக்கொண்டு தாத்தாவின் மரங்களில் ஏறியிருக்கிறார்கள். கூலி கேட்கவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆச்சி ராத்திரி கலயத்தைக் கழுவிச் சுண்ணாம்பு தடவி வாசலில் கவிழ்த்து வைப்பாள். விடிந்தால் அது நிறைந்திருக்கும். ஆடி வரைக்கும். "அந்த வருசம் நம்ம மரத்துல ஒரு பாளகூடக் காயல" என்று சொல்லி, நாலாவது புள்ளியை ஒருமுறை தடவிவிட்டு விரலை நகர்த்துவாள்.

ஐந்தாவது அவள் காதுக்குரியது. தோளைத் தொடுகிற நீளத்துக்கு வளர்த்த காதுகள், தலையை ஆட்டும்போதெல்லாம் வெறுமையாக ஆடும். அதில் பாம்படம் ஆடின காலம் ஒன்று இருந்தது. அப்பாவைப் படிக்கவைக்க அதைக் கழற்றி விற்றாள். "காது சும்மா கெடக்கு, ஆனா வாத்தியார் வீடுன்னு பேரு வந்துட்டு பாத்தியா" என்பாள். அப்பா ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

எனக்குப் பிடித்தது பதின்மூன்றாவது புள்ளி, ஏனென்றால் அது நான். ஏழு மாசத்தில் பிறந்தேனாம். கைக்கு அடங்கினேனாம், கோழிக்குஞ்சுபோல. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், போகிற வழியில் பனிக்காற்று. ஆச்சி ஒரு நார்ப்பெட்டியில் பழைய சேலையை மெத்தையாக மடித்துப் போட்டு, என்னை அதில் பஞ்சு சுற்றிப் படுக்கவைத்து, பெட்டியைச் சுற்றிலும் அடுப்பிலிருந்து எடுத்த சூடான மணலைத் துணியில் முடிந்து முடிந்து வைத்தாளாம். ஆறின முடிச்சை எடுத்துவிட்டுச் சூடான முடிச்சை வைக்க, மண்கலத்தில் கங்கும் மணலும் வண்டியிலேயே கூட வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பெட்டியைத் திறந்த நர்ஸம்மா, குழந்தை வேர்த்திருக்கிறதே என்று சொன்னார்களாம். இந்த இடம் வந்ததும் நான் தம்பியை ஒரு பார்வை பார்ப்பேன். அவன் பத்து மாதம் முழுசாக இருந்து பிறந்தவன், அவனுக்குப் புள்ளி கிடையாது.

புள்ளி என்றால் எனக்கு அவ்வளவு ஆசை. கணக்குப் பரீட்சையில் தேறினதற்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லி ஆச்சியை நச்சரித்திருக்கிறேன். தொலைந்த பென்சில் கிடைத்ததற்கும் கேட்டேன். "அதுக்கெல்லாம் வாயால சொன்னாப் போதும். இது நம்மால ஆகாதுன்னு கைய விரிச்ச அன்னைக்கு வைக்கது" என்று சொல்லிவிட்டாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவாள். தாத்தா போன வருஷத்திலும் அந்தப் பானை காலியாகப் போனதில்லை. இப்படிப் பிடியரிசியும் கருப்பட்டியுமாய்ச் சேர்கிற காணிக்கையை நம்பித்தான் எங்கள் திருநெல்வேலிச் சபைகள் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு தேசத்துக்கு ஊழியர்களை அனுப்பின என்பது பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. ஆச்சிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வாங்கினவள் கையை மூடிக்கொள்ளக்கூடாது.

இனி என் ஒன்பதாவது வயதுக்கு வருகிறேன். அந்த டிசம்பரில் ஆச்சிக்கு முட்டுவலி, எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவும் அத்தைமாரும் பலகாரச் சூட்டில் வெந்துகொண்டிருந்தார்கள். வெள்ளையடிக்கிற வேலை பிள்ளைகள் தலையில் விழுந்தது. பெரிய பானையில் சிப்பிச் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலேயே அது கொதிக்கும். அந்தக் கொதியையும், புஸ்ஸென்று கிளம்புகிற அந்த ஆவியையும் பார்க்கவே நான் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் நீலம் கலந்து, மட்டை நுனியைத் தட்டி நாராக்கின தூரிகையால் அடித்துக்கொண்டே வந்தேன். அடிக்கும்போது சாம்பல் நிறமாக இருப்பது, காயக் காயப் பால்போல வெளுக்கும். அந்தக் குஷி தலைக்கேறிவிட்டது. ஒரு இண்டு இடுக்கு விடவில்லை. கதவுக்குப் பின்னாலும் போனேன். இருட்டு மூலை, அழுக்காக இருந்தது. ஆச்சி பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று இரண்டு தடவை அழுத்தி அடித்தேன்.

சாயங்காலம் விளக்கேற்றிக் கதவைச் சாத்தின அம்மா "ஐயோ" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு, எது புள்ளி, எது சுவர்? துடைக்கத் துடைக்க மண்ணும் சேர்ந்து வந்ததே தவிர ஒரு புள்ளியும் வரவில்லை. தொழுவத்துப் பக்கம் போய் வைக்கோலுக்குள் ஒளிந்துகொண்டேன். இருட்டி வெகுநேரம் கழித்து அப்பா வந்து தூக்கிக்கொண்டு போய் ஆச்சியின் கட்டில் பக்கத்தில் இறக்கிவிட்டார். அழுது அழுது எனக்கு விக்கல் பிடித்திருந்தது.

ஆச்சி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். சுண்ணாம்பு பட்டு என் விரல் நுனிகள் வெந்து சிவந்திருந்தன. தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தடவினாள். தடவிக்கொண்டே, "சொல்லு" என்றாள்.

"என்னது ஆச்சி?"

"மொதப் புள்ளி என்னது?"

விக்கலோடு ஆரம்பித்தேன். தாது வருசம், கடவம், நாசரேத், கஞ்சி. இரண்டு, பேதி. மூன்று, தொட்டில் மூலை. நாலு, விடிலி வாசல் கலயம். ஐந்து, பாம்படம். ஆறு, ஏழு, எட்டு என்று சொல்லச் சொல்ல, கண்முன்னே அந்தக் கறுப்புச் சுவரும் வெள்ளைப் புள்ளிகளும் வரிசை மாறாமல் வந்து நின்றன. பதினேழும் சொல்லி முடித்தேன். விக்கல் நின்றிருந்தது. எனக்கே ஆச்சரியம். ஆச்சி சிரிப்பாள் என்று பார்த்தால், அவள் முகம் இன்னும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ண விட்டுட்ட."

"பதினேழும் சொல்லிட்டேனே ஆச்சி."

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல?"

"அங்க ஒண்ணும் இல்லியே. வெத்து எடம்."

அன்றைக்குத்தான் சொன்னாள். அப்பாவுக்கு மூத்ததாக ஒரு பெண் பிள்ளை இருந்தாள். தாத்தா போய் மூன்றாம் வருஷம், பத்து நாள் காய்ச்சலில் படுத்தாள். ஐயர் வந்து ஜெபித்தார். சபையே உபவாசம் இருந்தது. வைத்தியர் வந்தார். ஆச்சி பத்து ராத்திரியும் முழங்காலிலேயே இருந்தாள். பதினோராம் நாள் விடியலில் பிள்ளை போய்விட்டது. பன்னிரண்டு வயது. ஓலைக் கொட்டான் அழகாக முடைவாளாம்.

"அதுக்கு எனக்கு இன்னும் வெளங்கலட்டி. எத்தனையோ பேரு எத்தனையோ சொன்னாவ. எனக்கு ஒண்ணும் ஒட்டல. நான் போயி அவருகிட்டயே கேட்டுக்கிடுதேன்னு அந்த எடத்த விட்டு வச்சிருக்கேன். அவரு சொன்ன பொறவு அங்க வைக்கப்போற புள்ளி அது." கொஞ்ச நேரம் பேசாமல் எண்ணெய் தடவினாள். பிறகு சொன்னதை நான் எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறேன்: "அதையும் சேத்துத்தான் சொல்லணும். அத விட்டுட்டுச் சொன்னா மத்த பதினேழும் பொய்யாப் போயிரும்."

அந்த வருஷக் கடைசி ராத்திரி ஆச்சி கதவைச் சாத்தவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னைச் சொல்லச் சொன்னாள். ஆறு சொல்லி முடித்ததும் நிறுத்தினேன். வீடு முழுக்க அமைதி. விளக்குத் திரி எரிகிற சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் ஏழு. சுவரில் அவள் மறுபடி புள்ளி வைக்கவே இல்லை. வைக்கலாமே என்று அப்பா கேட்டதற்கு, "அதான் புள்ள வாயில இருக்கே" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு எபனேசர் உண்டு. வீட்டு நெற்றியிலும் அந்தப் பேரை எழுதி வைப்பார்கள். மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, இதுவரைக்கும் கர்த்தர் உதவினார் என்பதற்கு அடையாளமாக அந்தப் பேரை வைத்த கதையை ஞாயிறு பள்ளியில் படித்தபோது, இதைத்தானே நம் ஆச்சி கதவுக்குப் பின்னால் செய்தாள் என்று எனக்குப் பட்டது. முன்பு இஸ்ரவேலர் தோற்று ஓடி, உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்த இடத்தையும் வேதம் எபனேசர் என்றுதான் சொல்கிறது. ஜெயித்த இடத்துக்கும் தோற்ற இடத்துக்கும் ஒரே பேர். ராத்திரி வாசிப்பில் ஆச்சி அடிக்கடி கேட்பது 136-ஆம் சங்கீதம். இருபத்தாறு வசனம், ஒவ்வொன்றும் ஒரே சொல்லில் போய் முடியும். அந்த முடிவை அவள் என்னைச் சொல்லவிடமாட்டாள், தானே சொல்லுவாள். ஆனால் வருஷத்தில் ஒருநாள், அந்தப் பெண் பிள்ளை போன நாளில், 88-ஐ வாசிக்கச் சொல்லுவாள். அது இருட்டிலேயே முடிகிற சங்கீதம். கடைசியில் ஆறுதலாக ஒரு சொல்கூடக் கிடையாது. அடுத்த பக்கம் திருப்பலாமா என்று கேட்டால், "இன்னைக்கு இங்கனக்குள்ளயே நிக்கட்டும்" என்பாள். அந்தச் சங்கீதத்தை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை; 136-ஐச் சுமக்கிற அதே புத்தகம்தான் அதையும் சுமக்கிறது. இது எவ்வளவு பெரிய தயவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று. 2021 மே மாதம் கொரோனாவில் என் கணவர் போனார். முகம் பார்க்கக்கூட விடவில்லை. எனக்கும் தொற்று, வீட்டுக்குள் தனியாக அடைந்து கிடந்தேன். ஜெபம் வரவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் எறும்புபோல ஓடின. போனில் வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். எனக்கும் ஒன்றும் ஒட்டவில்லை. ஒருநாள் ராத்திரி, தூக்கம் வராமல், வேறு எதுவும் தோன்றாமல், ஒன்று என்று ஆரம்பித்தேன். தாது வருசம். கடவம். கஞ்சி. வாய் மட்டும்தான் சொன்னது, மனது கூட வரவில்லை. நாலு, ஐந்து, ஆறு. ஆறுக்குப் பிறகு வழக்கம்போல நின்றேன். அந்த இடத்தில்தான் உடைந்து அழுதேன். நான் போய் நிற்பதற்கு ஒரு இடம் அங்கே ஏற்கெனவே இருந்தது. விளங்காததை விளங்காததாகவே வைத்துக்கொண்டு, கணக்கைக் கிழித்துப் போடாமல், ஏழு என்று அடுத்ததற்குப் போன ஒருத்தி எனக்கு முன்னால் அந்த வழியாக நடந்திருந்தாள். அன்று பதினேழு வரை சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

காலையில் வாசல் திண்ணையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. பக்கத்து வீட்டு இஸ்லாமிய அம்மா வைத்துவிட்டுப் போனது. கஞ்சி, மேலே ஒரு துண்டு கருப்பட்டி. நான் படுத்த முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டிருந்தார்கள். பதினாலு நாளும் ஒருநாள்கூடத் தவறவில்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் நிறைந்திருக்கும். அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதாவது, அன்றைக்குத்தான் அது என்ன என்று எனக்குத் தெரிந்தது.

2023 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த எங்கள் பழைய வீடு அந்த மழையில் கரைந்து உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு மகனோடும் பேத்தியோடும் போனேன். நிலைக்கதவு மட்டும் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் சுவர் இல்லை. தேரியும் பனையும் வானமும்தான். பேத்தி கதவை இழுத்துச் சாத்தித் திறந்து விளையாடிக்கொண்டிருந்தவள், "இங்க என்ன இருந்துச்சு ஆச்சி?" என்று கேட்டாள். அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். சுவரில் இல்லாவிட்டால் வேதப் புத்தகத்தின் ஓரத்தில், அதுவும் இல்லாவிட்டால் மூலையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவரின் நெஞ்சில். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்றியை மட்டும் கேட்காதீர்கள். விளங்காமல் போனதையும் சேர்த்துக் கேளுங்கள். கஷ்டகாலத்தில் கையில் நிற்பது அந்த முழுக் கணக்குதான்.

எங்கள் கணக்கு இப்போது இருபத்தொரு புள்ளி, இரண்டு வெற்றிடம். பேத்திக்குப் பதினொன்று வரைக்கும் தெரியும். ஆறுக்குப் பிறகு நிற்க வேண்டும் என்பதும் தெரியும்.